எலியின் நடத்தையை அளக்க மென்பொருள் மட்டும் போதுமா?

கயல்: சோதனை எலிகள் என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துக் குறிப்பதை இனி விட்டுவிடலாம்; கேமரா பதிவை வைத்து மென்பொருளே அளக்கட்டும். 1963-இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோசென்தாலும் ஃபோடும் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சில புத்திசாலி, சில மந்தம் என்றார்கள். உண்மையில் எல்லாம் ஒரே மாதிரி எலிகள்தான். ஆனால் 'புத்திசாலி' எலிகள்தான் நன்றாகக் கற்றன என்று பதிவானது. கேமராவுக்கு இப்படி எந்த எதிர்பார்ப்பும் கிடையாது.

முகிலன்: அதே சோதனையில், 'புத்திசாலி' எலிகளை மாணவர்கள் மென்மையாகக் கையாண்டதாகவும் சொன்னார்கள். எலியே வேறு மாதிரி நடந்திருந்தால் கேமரா அதைத் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான். எந்த எலி எந்தக் குழு என்பதை ஆய்வாளருக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் இதற்கு வழி. அப்புறம், மென்பொருள் அளப்பது அசைவை. பயத்தில் உறைந்த எலியும் தூங்கும் எலியும் அதற்கு ஒன்றுதான்.

கயல்: அது உடலின் மையப்புள்ளியை மட்டும் பின்தொடர்ந்த காலத்துக்குப் பொருந்தும். 2018-இல் வந்த டீப்லேப்கட் என்ற மென்பொருள், வீடியோவில் மூக்கு, காது, வால் அடி எனத் தனித்தனியாகக் குறிக்கிறது. சுமார் 200 படங்களில் நாம் புள்ளி வைத்துக் கற்றுக்கொடுத்தாலே பல சோதனைகளுக்குப் போதும். எலி சுறுசுறுப்பாக இருப்பது இரவில். அகச்சிவப்பு ஒளியில் விடிய விடியப் பதிவு செய்ய எந்த மனிதரால் முடியும்? ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிகளுக்கு மன அழுத்தம் தருகிறது என்று 2014-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆள் அறையில் இல்லாததே பெரிய லாபம்.

இளவேனில்: இரண்டு எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கினால் எது எது என்று மென்பொருள் மாற்றிவிடுவதுண்டு. அந்த இடங்களை மட்டுமாவது ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

முகிலன்: இரவுப் பதிவு பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலியின் பயத்தை அளக்கும் கூட்டல் குறி வடிவ உயர்மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்தவை. பின்கால்களை மூடிய பகுதியில் வைத்துக்கொண்டு, உடலை நீட்டித் திறந்த பகுதியை எலி எட்டிப் பார்க்கும். தயக்கத்தின் தெளிவான அடையாளம் அது. மூக்கை வைத்துக் கணக்கிட்டால் 'உள்ளே போனது', மையப்புள்ளியை வைத்தால் 'போகவில்லை'. புள்ளி துல்லியமாக இருந்தும் முடிவு தலைகீழாகிறது. எதை நுழைவு என்று கொள்வது என்பதை எலியை நெடுநேரம் பார்த்துப் பழகியவர்தான் தீர்மானிக்க முடியும்.

கயல்: தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரே முறை, சோதனைக்கு முன்பே, எழுத்தில். பிறகு எல்லா எலிக்கும் அதே விதியை மென்பொருள் பயன்படுத்தட்டும்.

முகிலன்: அந்த விதியோடு மூல வீடியோவையும் வெளியிட்டால் எனக்குச் சம்மதம். இன்று பல ஆய்வுக் கட்டுரைகளில் மென்பொருளின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.