ஞாயிறு படம்: வாட்டர்லூ

குழு: கொசப்பேட்டை சொந்தபந்தம்

செல்வம் மாமா: இந்த ஞாயித்துக்கிழமைக்கு 1970ல வந்த ‘வாட்டர்லூ’. செர்கேய் பொந்தார்ச்சுக் எடுத்தது. 1815ல பெல்ஜியத்துல நெப்போலியன் தோத்த சண்டையோட கதை. ராட் ஸ்டைகர்தான் பிரெஞ்சு பேரரசர் நெப்போலியன், கிறிஸ்டோபர் பிளம்மர் அவரை எதிர்த்த இங்கிலீஷ் தளபதி வெலிங்டன். வந்தப்ப ஓடல. ஆனா ஒரு சண்டை ஏன் ஜெயிக்குது, ஏன் தோக்குதுன்னு இவ்ளோ தெளிவா காட்டற படம் ரொம்பக் கம்மி.

கீதா: 134 நிமிஷம், பாதி நேரம் பேச்சுதான்னு சொல்றாங்களே மாமா?

செல்வம் மாமா: முன்பாதி மெதுவாத்தான் போவும். பொறுத்துக்கோ. சண்டை ஆரம்பிச்சதும் எழுந்து போவ மனசு வராது.

யூசுப் பாய்: கம்ப்யூட்டர் வேலையே இல்லம்மா. சோவியத் ராணுவத்துல இருந்து சுமார் 15,000 காலாள், 2,000 குதிரைக்காரங்க. உக்ரைன்ல உஷ்ஹோரத் பக்கம் ரெண்டு குன்றை மட்டம் பண்ணி, கம்பு மாதிரி தானியம் வெதச்சு, சேறு வரவைக்க மண்ணுக்கடியில குழாய் போட்டாங்க.

கீதா: சேத்துக்கு எதுக்கு பாய் இவ்ளோ மெனக்கெடல்?

யூசுப் பாய்: கதையே அதுலதான் இருக்குது. 1815 ஜூன் 17 ராத்திரி கொட்டின மழை. பீரங்கி குண்டு காஞ்ச தரையில பட்டு எகிறி எகிறிப் போனாதான் வரிசையா ஆள அடிக்கும். நாத்து விட்ட கழனி மாதிரி இருந்தா விழுந்த இடத்துலயே புதைஞ்சிடும். பீரங்கிய இழுக்கறதும் கஷ்டம். அதனால நெப்போலியன் தரை காயட்டும்னு காத்துகினு இருந்தாரு. ஆரம்பிக்கறப்ப மணி பதினொன்னரை கிட்ட. அந்த நேரத்துலதான் வெலிங்டனுக்கு உதவியா பிரஷ்யாக்காரங்க (ஜெர்மன் படை) நடந்து வந்துகினு இருந்தாங்க.

செல்வம் மாமா: அடுத்து, நெப்போலியனோட தளபதி மார்ஷல் நே குதிரைப்படையை விடற காட்சி. ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்தது. கீழ வெலிங்டனோட காலாள்ங்க சதுரம் சதுரமா நிக்கறாங்க பாரு, அது சும்மா அழகுக்கு இல்ல. நாலு வரிசை. முன்னாடி இருக்கறவன் மண்டி போட்டு, துப்பாக்கி அடிக்கட்டைய தரையில ஊணி, பயனட்ட (துப்பாக்கி முனையில மாட்டற கத்திய) சாய்ச்சு நீட்டுவான். பின்னாடி நிக்கறவங்க சுடுவாங்க. குதிரை ஈட்டி வேலிமேல பாயாது, ஒதுங்கிடும். எல்லாரும் ஒரே நேரத்துல சுட்டுட்டா போச்சு. தோட்டாத்தாள பல்லால கடிச்சு, மருந்து போட்டு, குண்டு தள்ளி, கம்பியால இடிக்க சுமார் இருபது செகண்டு ஆவும். அதுக்குள்ள குதிரை வந்துடும்.

கீதா: அப்ப சதுரத்த உடைக்கவே முடியாதா?

செல்வம் மாமா: முடியும். நெருங்கி நிக்கறவங்க மேல பீரங்கி அடிச்சா சல்லடைதான். நே அதத்தான் கூட கொண்டு போவல, காலாட்படையும் இல்ல. இன்னொன்னு: கைப்பத்தின இங்கிலீஷ் பீரங்கிங்களோட திரி ஓட்டையில ஒரு ஆணிய அறைஞ்சிருந்தா அதெல்லாம் செத்துப் போயிருக்கும். அறையல. பீரங்கிக்காரங்க சதுரத்துக்குள்ள ஓடிப் பதுங்கி, குதிரை திரும்பினதும் வந்து மறுபடி சுட்டாங்க.

யூசுப் பாய்: நம்ம வேலூர் கோட்டையிலயே பாத்த பாடம் தாங்க மாமா. 1806 ஜூலை 10, நம்ம சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளர்ச்சி பண்ணப்ப, அத அடக்க ஆற்காட்டுல இருந்து 19வது டிராகூன் குதிரைப்படையோட இங்கிலீஷ் அதிகாரி கில்லெஸ்பி வந்தான். குதிரையால கதவு திறக்குமா? பின்னால வந்த சின்ன பீரங்கி கதவை உடைச்சப்புறம்தான் குதிரைங்க உள்ள போச்சு. அதுக்கப்புறம் நடந்தது சண்டை இல்ல, நம்ம சிப்பாய்ங்கள கொன்னு குவிச்சது.

செல்வம் மாமா: ஆமா பாய். அன்னிக்கு கோட்டை மதில் மேல மாட்டிகினு இருந்தது இங்கிலீஷ்காரங்களோட 69வது ரெஜிமெண்ட். அதே ரெஜிமெண்டோட ரெண்டாவது பட்டாளம் 1815ல வெலிங்டன் படையில இருந்தது. வாட்டர்லூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, பக்கத்துல குவாத்ர் ப்ராங்கற ஊர்ல நடந்த சண்டையில, சதுரத்துல இருந்தவங்கள கலைச்சு நீள வரிசையா நிக்கச் சொன்னாங்க. பிரெஞ்சு குதிரைங்க பக்கவாட்டுல வந்து மிதிச்சு, கொடியையே பிடுங்கிகினு போயிடுச்சு. படத்துல அது இல்ல, எனக்கு அது ஒரு குறைதான்.

கீதா: போன்ல பாக்கலாமா?

யூசுப் பாய்: வேணாம்மா, டிவியில போடு. மேலயும் கீழயும் கருப்புப் பட்டை வரும், அதுதான் சரி. பட்டைய எடுக்க ஜூம் பண்ணா ரெண்டு ஓரமும் வெட்டிடும், பாதி படை காணாம போயிடும்.

செல்வம் மாமா: சதுரத்தோட மூலைய கவனி கீதா. அங்க நிக்கறவங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் சுட ஆள் பத்தாது. குதிரைங்க சுத்திச் சுத்தி அந்த மூலைக்கே வரும்.