புதுப்பிப்பு: ஸ்டான்ஷன் அடியில் ஒழுகல் நின்றது

உதவிய எல்லோருக்கும் நன்றி. 27 அடி பாய்ப்படகில், மேல்தளத்தின் ஓரத்தில் பாதுகாப்புக் கயிற்றைத் தாங்கி நிற்கும் ஸ்டான்ஷன் கம்பியின் அடித்தட்டு வழியாக மழைநீர் படுக்கைமேல் சொட்டுகிறது என்று கேட்டிருந்தேன்.

சிலிக்கான் வேண்டாம், பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற, ஒட்டும் அடைப்புப் பட்டை) போடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. தட்டைக் கழற்றினால், போல்ட் துளைக்குள், தளத்தின் நடு அடுக்காக இருக்கும் பால்சா என்ற லேசான மரம் கறுத்து ஊறிப்போயிருந்தது. அதைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, கெட்டியாக்கிய எப்பாக்சிப் பசையால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டேன். துளையின் மேல்வாய் விளிம்பைச் சரிவாகச் சீவிவிடச் சொன்னவருக்குத் தனி நன்றி. டேப் அந்தப் பள்ளத்தில் போல்ட்டைச் சுற்றி மோதிரம்போல உட்கார்ந்துகொள்கிறது. கனமழையிலும் இப்போது சொட்டுக்கூட இல்லை.

எதிர்பாராத விஷயம்: முடுக்கிய பிறகும் டேப் நாள்கணக்கில் பிதுங்கியது. அதனால் இடைவெளி விட்டு, பலமுறை முடுக்குங்கள். அப்போது போல்ட் சுழலக் கூடாது, மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும்.