ரோஜா மொட்டில் அசுவினிப் பூச்சி, ரசாயன மருந்தில்லாமல் விரட்ட வழி உண்டா?

மாடித்தோட்டம்_ஜெயநகர்:
பெங்களூரில் மொட்டை மாடியில் ஏழெட்டு ரோஜாத் தொட்டிகள். வெயில் ஏறியதிலிருந்து மொட்டுக் காம்பு முழுக்கப் பச்சையாக அசுவினி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, எறும்பு வேறு வரிசை கட்டி ஏறுகிறது. சில மொட்டுகள் ஓரம் கருகி விரியாமலே நின்றுவிடுகின்றன. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் கடை மருந்து வேண்டாம்.

செடிப்பித்தன்:
முதலில் வெறும் தண்ணீர்தான். காலையில் மொட்டை விரலால் தாங்கிக்கொண்டு குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், விழுந்த அசுவினி பெரும்பாலும் திரும்ப ஏறாது. அப்புறமும் இருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அதைச் சில சொட்டு சோப்புக் கரைசலில் கலந்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் எண்ணெய் மேலேயே மிதக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, இலைக்கு அடியிலும் படும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

பால்கனி_அக்கா:
எறும்பை விடாதீங்க. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது காவல் நின்று, அசுவினியைத் தின்னும் பொறிவண்டை விரட்டிவிடும். தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், நம்ம ஊர் டெங்கு தெரியுமே! கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி ஊர்வது பொறிவண்டின் புழு, அதைக் கொல்ல வேண்டாம்.

செடிப்பித்தன்:
ஓரம் கருகுவது அநேகமாக இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற வேறு பூச்சியால். மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டினால் மெல்லிய பூச்சிகள் ஓடும். மொட்டுக்குள் ஒளிவதால் வேப்பெண்ணெய் சரியாக எட்டாது. கருகியதைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள், நீல ஒட்டு அட்டை ஒன்று தொங்கவிடுங்கள்.