பல்கலைக்கழகக் குரங்கு ஆய்வு: அவர்களாக வெளியிட வேண்டியது எது, நாம் கேட்டு வாங்கக்கூடியது எது?

கயல் (டேவிஸ், கலிஃபோர்னியா)

வணக்கம். நாங்கள் டேவிஸுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊருக்கு மேற்கே பல்கலைக்கழகத்தின் குரங்கு ஆய்வு மையம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் குரங்குகள் உண்டாம். "எல்லாம் அமெரிக்க வேளாண் துறை இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்" என்கிறார் என் வீட்டுக்காரர். போய்ப் பார்த்தேன், வெறும் எண்களாக இருக்கின்றன. நாம் கட்டும் வரியில் நடக்கிற ஆய்வு இது. பல்கலைக்கழகம் தானாக எதைச் சொல்ல வேண்டும், நாம் கேட்டால் எதைத் தர வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நரம்பியல் மாணவன்

ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2008-இல் சாண்டா குரூஸில் ஓர் ஆய்வாளர் வீட்டில், விலங்கு ஆய்வை எதிர்ப்பவர்கள் என்று கருதப்படுபவர்கள் தீக்குண்டு வைத்தார்கள், குழந்தைகள் உள்ளே இருந்தபோது. அவர் ஆய்வு செய்தது எலிகளை வைத்து. பெயர், முகவரி, அறை எண் இவற்றை மறைப்பதில் நியாயம் இருக்கிறது.

முத்துலட்சுமி

கயல், உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. விலங்கு நலச் சட்டப்படி ஒவ்வொரு ஆய்வு நிலையமும் டிசம்பர் 1-க்குள் வேளாண் துறைக்கு ஆண்டறிக்கை தர வேண்டும். வலி இல்லாத வேலைக்கு எத்தனை விலங்குகள் ('சி' பத்தி), வலிக்கு மருந்து கொடுத்து எத்தனை ('டி'), மருந்து கொடுக்காமல் எத்தனை ('ஈ') என்று அதில் இருக்கும். 'ஈ'-க்கு மட்டும் காரணம் எழுதி இணைக்க வேண்டும். அப்புறம், வேளாண் துறை ஆட்கள் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டு எழுதும் சோதனை அறிக்கைகள். நாம் கேட்காமலேயே கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதையும் 2017 பிப்ரவரியில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாடாளுமன்றம் நிதி மசோதாவிலேயே எழுதிக் கட்டளையிட்ட பிறகு 2020-இல்தான் திரும்பப் போட்டார்கள்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குகளைப் பராமரித்தவள். கூண்டு வாசலில் ஓர் அட்டை தொங்கும்: மார்பில் பச்சை குத்திய எண், பிறந்த தேதி, புரோட்டோகால் (அனுமதி பெற்ற ஆய்வுத் திட்டம்) எண். அங்கே ஒரு பெண் குரங்கு, முன்கை முடியைப் பிடுங்கிப் பிடுங்கி முழங்கை வரை வெறும் தோலாக்கி வைத்திருந்தது. எவ்வளவு முடி போயிருக்கிறது என்று தாளில் மதிப்பெண் போடுவோம். தேடித் தின்னட்டும் என்று கம்பளி ஒட்டிய பலகையில் விதை தூவிக் கொடுப்போம். துணைக்கு இன்னொரு குரங்கைச் சேர்த்துப் பார்ப்போம். அடித்துக்கொண்டால் பிரிப்போம். எல்லாவற்றுக்கும் குறிப்பு உண்டு. 1985-இல் சட்டத்தைத் திருத்தியபோது குரங்குகளின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்று சேர்த்ததால் வந்த வேலை இது. ஆனால் ஆண்டறிக்கையில் அந்தக் குரங்கு 'டி' பத்தியில் ஓர் எண், அவ்வளவே. அது செத்துப்போயிருந்தாலும் அதே எண்தான், ஏனென்றால் அந்த அறிக்கையில் இறப்புக்கென்று பத்தியே கிடையாது. நாங்கள் அக்கறையாகச் செய்த வேலையும் வெளியே தெரியாது, அது பட்ட பாடும் தெரியாது. எனக்கு இதில்தான் கோபம்.

உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2017 முதல் 2020 வரை மூளையில் சிப் பொருத்தும் நியூராலிங்க் நிறுவனத்தின் குரங்கு ஆய்வு அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. மருத்துவர்கள் அமைப்பு ஒன்று கலிஃபோர்னியப் பொது ஆவணச் சட்டப்படி வழக்குப் போட்டுக் கால்நடை மருத்துவர்களின் குறிப்புகளை வாங்கியது. 2022-இல் அந்த விவரங்கள் வெளிவந்த பிறகுதான் நிறுவனம் விளக்கம் கொடுத்தது: 2 குரங்குகளைத் திட்டமிட்ட நாளிலும், 6 குரங்குகளை மருத்துவர்கள் சொன்னதன் பேரிலும் கருணைக்கொலை செய்ததாக. நியூராலிங்க் தன் சொந்தக் கட்டடத்துக்கு ஆய்வை மாற்றியதும் அந்த வழி அடைபட்டுவிட்டது. மாநில ஆவணச் சட்டம் அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும், நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி. எமரி போன்ற தனியார் பல்கலைக்கழகங்களிலும் இதே நிலைமைதான். அவை மத்திய அரசுக்கு அனுப்பிய காகிதங்களை மட்டும் அரசிடம் கேட்டு வாங்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2010-இல் வந்த அவர்களின் சட்டப்படி, அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டத்துக்கும் சாதாரண மக்களுக்குப் புரிகிற சுருக்கம் வெளியிட வேண்டும். அதில் யார் பெயரும் இருக்காது. குரங்கு ஆய்வு என்றால், முடிந்த பிறகு நினைத்தது நடந்ததா, விலங்குகள் எவ்வளவு துன்பப்பட்டன என்று மறுமதிப்பீடும் கட்டாயம். அமெரிக்காவில் இப்படி ஒன்று சட்டமாக வேண்டும். ஆரம்பிக்கும்போது ஆயிரம் வாக்குறுதி எழுதலாம், கடைசியில் என்ன கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

கயல்

ரொம்ப நன்றி அக்கா. இங்கே மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் கேட்கலாம் என்று புரிகிறது. எப்படி எழுதினால் தட்டிக்கழிக்க மாட்டார்கள்?

முத்துலட்சுமி

"எல்லா ஆவணமும் தாருங்கள்" என்று எழுதாதீர்கள், இழுத்தடிக்க அதுவே சாக்காகிவிடும். தேசிய சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் பல்கலைக்கழகம் பெயரையும் 'மக்காக்' (ரீசஸ் சேர்ந்த குரங்கு வகை) என்பதையும் போட்டுத் தேடினால் எந்த ஆய்வுக்கு எவ்வளவு பணம் போகிறது என்று வரும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நிதி எண்ணைக் குறிப்பிட்டு, புரோட்டோகால், அந்த ஆய்வு பற்றிய விலங்குப் பராமரிப்புக் குழுவின் (பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வுக்கு அனுமதி தரும் குழு) கூட்டக் குறிப்புகள், விதிமீறல் இருந்தால் மத்திய அரசுக்கு எழுதிய கடிதங்கள், கால்நடை மருத்துவக் குறிப்புகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தனி வரியாக எழுதுங்கள், பல இடங்களில் அது வேறு கோப்பில் இருக்கும். மேலே தம்பி சொன்னது சரிதான். ஆட்களின் பெயரையும் அறை எண்ணையும் மறைத்தே கொடுங்கள் என்று நீங்களே எழுதிவிட்டால், அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் மறுக்க முடியாது. தருவார்களா மாட்டார்களா என்று 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். காகிதம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், விடாமல் கேளுங்கள். வந்ததும் இங்கே போடுங்கள், மருத்துவக் குறிப்புகளைப் படிக்க நான் உதவுகிறேன்.