கரைந்த சீனியைக் கருக்காமல் திரும்ப எடுப்பது எப்படி?

தரம் 5 பிள்ளைகளுக்குக் கரைசலிலிருந்து திண்மத்தை மீட்டுக் காட்ட வேண்டும். உப்பில் சிக்கலில்லை. நிலாவெளிக் கடல்நீர் 100 மில்லிலீற்றரை வடிதாளில் வடித்து ஆவியாக்கினால் ஏறக்குறைய மூன்றரைக் கிராம் திண்மம் மிஞ்சும். பத்தில் ஒரு பங்காக வற்றும்வரை உப்புப் பளிங்கு தெரியாது. அதற்கு முன் படிகிற வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), அதை உப்பென்று காட்டிவிடாதீர்கள். கடைசித் துளிகள் 'படார்' என்று தெறிக்கும். ஆகவே ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மீதியைப் பீங்கானின் சூட்டிலேயே காயவிடுகிறோம். மாரியில் அந்த உப்பு மறுபடி கசியும். காரணம் மகனீசியம் குளோரைட்டு, அது காற்றின் ஈரத்தை இழுக்கும்.

சீனிதான் வழிக்கு வருகுதில்லை. நேரடி நெருப்பில் பாகாகி, பழுப்பாகி, கருகுகிறது. கொதிநீர்ப் பானையின்மேல் தட்டை வைத்தால் கருகாது, ஆனால் பிசின்போல் நிற்கிறது. 100 மில்லிலீற்றர் சுடுநீரில் 250 கிராம் கரைத்து நூல் தொங்கவிட்டால் பளிங்கு வரும், அதற்கு நாட்கணக்காகும்.

40 நிமிடப் பாடவேளைக்குள் சீனியைப் பளிங்காகவே காட்டிய ஆசிரியர்கள் இருந்தால் அளவையும் நேரத்தையும் எழுதுங்கோ. தூள்சீனி தூவிக் கிளறினால் விரைவாக உறையுமா?