புதுப்பிப்பு: கொய்யாவா, சரக்கொன்றையா?

வாசல்ல பத்தடி இடம்தான் இருக்கு, கொய்யா வைக்கவா சரக்கொன்றை வைக்கவான்னு 2023-ல கேட்டிருந்தேன். கடைசியில் அம்மா பேச்சுதான் ஜெயிச்சது. கொய்யாதான், லக்னோ 49-ங்கிற ரகத்துல பதியன் கன்று வெச்சோம். போன ஆடியில் முதல் காய்ப்பு, பதினோரு பழம். நாலு அணிலுக்குப் போச்சு. நடுவுல இலைக்கு அடியில வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி அப்பிக்கிச்சு. வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை அடிச்சதுல அடங்கிடுச்சு.

சரக்கொன்றையையும் விட மனசில்லை. தெருவோரம் ஒரு விதைக்கன்று நிக்குது, பூக்க இன்னும் சில வருஷம் ஆகும். அதுவரை சித்திரையில் எதிர்வீட்டு மரம் மஞ்சள் மஞ்சளாத் தொங்கறதைப் பார்த்துக்கறேன். உதிர்ந்த பூவைக் கூட்டறதும் அவங்கதான்!

செம்மயிற்கொன்றை (குல்மோகர்) வைக்கச் சொன்னவங்க மன்னிக்கணும். 2016 வர்தா புயல்ல எங்க தெருவுல கார் மேல சாஞ்சது அந்த மரம்தான்.