உதவி: கேம் உலகத்தில் ராஜாவை யாருமே மதிக்கவில்லை, புண்ணியக் கணக்கும் உடைகிறது

தீவுத்திடல்:
வணக்கம். மன்னார் வளைகுடாத் தீவுகளின் சாயலில் ஒரு கேமுக்கு உலகம் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஐந்து தீவு, ஒரு துறைமுகப் பட்டினம், பழைய முத்துக்குளித்துறை. குளியாளிகள் (முத்துக்கு மூழ்குபவர்கள்), சம்மாட்டிகள் (படகுக்காரர்கள்), மந்திரக்காரர்கள், அரண்மனை என நான்கு தரப்பு. ஆடுபவருக்கு −100 முதல் +100 வரை ஒரே புண்ணிய அளவு.

சிக்கல் இரண்டு. பிச்சைக்காரருக்குக் காசு போட்டுப் போட்டே +100 தொட்டுவிட்டு, அப்புறம் கொள்ளையடிக்கிறார்கள். அளவு பச்சையிலேயே நிற்கிறது. இன்னொன்று, ராஜாவுக்கு ஊர் ஏன் அடங்கிப் போகிறது என்பதற்கு எங்களிடமே பதில் இல்லை. ஆடுபவர்கள் அரண்மனைப் பக்கமே போவதில்லை. எங்கே கை வைப்பது? (ஆரம்ப மந்திரங்கள்: தீப்பொறி, காயம் ஆற்றுதல், கடல்நீரை நல்ல தண்ணி ஆக்குதல்.)

ஊருணிக்கரை:
தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் அந்த மூன்றாவது மந்திரம்தான் உங்கள் ராஜாவைக் கவிழ்த்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிக்க, சமைக்க, கழுவ ஒரு ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும். தீவில் 400 பேர் என்றால் 6,000 லிட்டர். ஒரு டன் ஏற்றும் வள்ளத்துக்கு 6 நடை. வாடைக்காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் ஒரு நடையும் போகாது. ஆகவே நல்ல தண்ணி ஊற்று யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. கிரீடமும் பட்டாளமும் அதற்குப் பிறகு வருபவை. முதல் நிலை மந்திரக்காரர் கடலையே குடிநீராக்கினால் யார் யாருக்கு அடங்குவார்கள்?

மந்திரத்தை எடுக்க மனசில்லையா, அளவைக் கட்டுங்கள். ஒருவரால் நாளைக்கு 4 குடம், அதாவது சுமார் 60 லிட்டர். நான்கு பேருக்குத்தான் காணும். அப்போது சம்மாட்டி வீட்டில் சம்பளத்துக்கு ஒரு மந்திரக்காரர் இருப்பார், மற்றவர்கள் ஊற்றடியில் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஊற்றையும் வற்றாத கிணறாக வைத்துவிடாதீர்கள். நம் கரையில் கடலை ஒட்டிய மணலைத் தோண்டினால் நல்ல தண்ணி ஊறுவது, மழைத்தண்ணி எடை குறைவாக இருப்பதால் உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்பதால்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும். சிரட்டையால் மெதுவாக மொண்டால் கெடாது. அவசரப்பட்டு இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். கேமில் ஒவ்வொரு ஊற்றுக்கும் ஒருநாள் வரம்பு வையுங்கள். அதை 10 நாள் தொடர்ந்து மீறினால் உவர்ப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை வரும்வரை அது தெளியக்கூடாது. யார் முதலில் மொள்வது, ராத்திரி யார் காவல், காவல்காரர் தன் அக்கா வீட்டுக்கு இரண்டு குடம் கூட விட்டால் என்ன தண்டனை என்று சட்டம் தானாக முளைக்கும்.

வலைக்கயிறு:
ஊருணிக்கரை அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். புண்ணியக் கணக்குக்கு நான் சொல்கிறேன்: அந்த ஒற்றை எண்ணைத் தூக்கிவிடுங்கள்.

அதற்குப் பதில் ஒவ்வொரு செயலையும் ஒரு பதிவாக வையுங்கள். யார், யாருக்கு, என்ன, எங்கே, யார் பார்த்தது. மதிப்பைத் தரப்புவாரியாகப் போடுங்கள். குளியாளி ஒருவர் ஒரு முத்தை வாயில் ஒதுக்கிக் கொண்டுபோகிறார், ஆடுபவர் பார்த்தும் காட்டிக்கொடுக்கவில்லை என்று வையுங்கள். குளியாளிகளிடம் +10, சம்மாட்டியிடம் −15, அரண்மனையில் −40. தர்மம் செய்வதற்கு, அதே ஆளுக்கு அதே உதவி என்றால் 10, 5, 2, பிறகு பூஜ்யம். திருட்டையும் தர்மத்தையும் ஒன்றுக்கொன்று கழிக்கவே கூடாது. இரண்டும் தனித்தனியாக ஊர் வாயில் இருக்கட்டும்.

சேதி படகோடுதான் போக வேண்டும். அதே ஊருக்கு அன்றைக்கே, பக்கத்துத் தீவுக்கு அடுத்த வள்ளத்தில். காற்று ஓங்கி வள்ளம் நின்றால் சேதியும் நிற்கும். எண்ணைத் திரையில் காட்டாதீர்கள். கருவாடு விலை ஏறுவதும், திண்ணையில் உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்துப் பேசுவதும் போதும்.

ஒரு ஓட்டை வரும், இப்போதே அடையுங்கள். பார்த்தவரைக் கொன்றால் பதிவு அழியும் என்று ஆடுபவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் காணாமல் போவதே ஒரு பதிவாகட்டும். படகில் ஒரு ஆள் குறைந்தால், மேலே இருந்து குளியாளிக்குக் கயிறு பிடித்தவர் கேட்காமல் இருப்பாரா?

கீழக்கரையான்:
அரண்மனைக்கு என்ன வேலை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பழைய முத்துக்குளிப்பு முறையை அப்படியே எடுக்கலாம். மதராஸ் அரசாங்கம் நடத்தியபோது சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அரண்மனையின் வேலை அந்த ஏலத்தில் எண்ணிக்கை சுத்தமாக இருப்பதைக் காப்பது. எண்ணுபவர் கைவைத்தால் ராஜாவின் மதிப்பு போச்சு.

மந்திரக்காரர்களைத் தீ வீசுபவர்களாக வைப்பதைவிடக் கடல்கட்டியாக வையுங்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர். அந்தக் காலத்தில் அவருக்குக் கூலி உண்டு. அவர் வரவில்லை என்றால் குளியாளிகள் கடலில் இறங்கமாட்டார்கள். வாளே இல்லாமல் ராஜாவின் வருமானத்தை ஒருநாளில் நிறுத்தக்கூடிய ஆள் அவர்.

தகராறு வேண்டுமானால் கெட்டவனைத் தேடாதீர்கள். ராமேசுவரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பிரித்திருப்பதைப் பாருங்கள். விசைப்படகு இழுத்துப்போகும் இழுவைமடி வலையின் தடத்தில் நாட்டுப்படகுக்காரர் வலை விரித்திருந்தால் அந்த வலை கிழியும். இரண்டு பக்கமும் கடன் இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆடுபவரை அந்த நாள் பங்கீட்டுக்கு நடுவராக உட்கார வையுங்கள்.

தீவுத்திடல்:
கீழக்கரையான் காக்கா (அண்ணே), கடல்கட்டி மந்திரம் கேமில் நிஜமாகவே சுறாவைக் கட்ட வேண்டுமா?

கீழக்கரையான்:
வேண்டாம் தம்பி. சுறா தாக்கும் வாய்ப்பை ஒரு குளிப்புக்கு 0.5% என்று வைத்து, மந்திரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மாற்றாதீர்கள். மாறுவது இறங்கும் ஆள் எண்ணிக்கை மட்டும்: சொன்னால் முழுப்படகு, சொல்லாவிட்டால் பத்தில் ஒருவர். மந்திரத்தால் வாய்ப்பு பூஜ்யமானால் அது வெறும் கட்டணம் ஆகிவிடும், யாரும் அவரோடு பேசமாட்டார்கள்.

ஊருணிக்கரை:
எல்லாம் போட்டபிறகு ஆடுபவர் இல்லாமல் இரண்டு வருஷம் ஓடவிடுங்கள். 40 நாளில் ஒரு தீவு காலியானால் வள்ளத்தின் கொள்ளளவு குறைவு. இரண்டு கோடையிலும் ஒரு ஊற்றுகூட உவர்க்கவில்லை என்றால் வரம்பு கூடுதல், கால் பங்கு குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.